பேச்சிக்கனியின் பிடரியில் வந்த எண்

வெள்ளோடை உப்பளத்தில், பங்குனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி வாக்கில், பாத்திக்குள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சிக்கனியின் பிடரியில் ஐந்து என்று ஒரு எண் வந்தது. அவளுக்கு அது தெரியாது. தன் பிடரியைத் தானே பார்த்தவர் உலகத்தில் இல்லை. பின்னால் நின்ற ஜெபராணிதான் பார்த்தாள்.

"ஏட்டி பேச்சி, கழுத்துல என்னட்டி எழுதியிருக்க?"

"நான் எங்கட்டி எழுதினேன்? வேர்க்குருவா இருக்கும்."

"வேர்க்குரு அஞ்சு மாதிரியா வரும்?"

ஜெபராணி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள், கொஞ்சம் உப்பையே வைத்தும் தேய்த்துப் பார்த்தாள். பேச்சிக்கனி எரிச்சலில் கத்தினாளே தவிர எண் போகவில்லை. பழைய பச்சை குத்தியது போல நீலமும் கருப்புமாகத் தோலுக்குள் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு அது எட்டானது. பதினோரு மணிக்குப் பதினொன்று. உச்சி வெயிலில் பன்னிரண்டு ஆகி, அங்கேயே வெகுநேரம் நின்று, சாப்பிட்டுக் கை கழுவி மறுபடி பாத்திக்குள் இறங்கியபோது பத்தாகி, பிறகு ஏழாகி, வேலை முடிந்து பெண்கள் மினி லாரியில் ஏறும் நேரத்தில் மூன்றாகி, வீடு வந்து சேருமுன் ஒன்றுமில்லாமல் போனது. ஜெபராணி ஒவ்வொரு தடவையும் படித்துச் சொன்னாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவள்தான் படித்துச் சொன்னாள், ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சிக்கனிக்குப் பின்னால் நிற்கிறவள் அவள்தான்.

இரண்டு பேரும் பதினாறு வயதில் ஒரே வாரத்தில் அளத்துக்கு வந்தவர்கள். பேச்சிக்கனியின் கணவன் உப்பு லாரியோடு கொச்சிக்குப் போய் அங்கேயே வேறு வீடு பார்த்துக்கொண்டான். ஜெபராணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவளுடைய வலது கண்ணில், மூக்கோரத்திலிருந்து, கோழிக்குஞ்சின் இறகைப்போல மெல்லிய ஒரு சவ்வு கருவிழியை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. அளத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சவ்வு உண்டு. காலில் வெடிப்பு மாதிரி, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்று நாளில் வெள்ளோடை முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை. வந்தார்கள், பார்த்தார்கள், மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்கள், தங்கள் தங்கள் வேலைக்குத் தோதாக அதை எடுத்துக்கொண்டார்கள். அம்மன் கோயில் பூசாரி, கொடைத் திருவிழாவுக்கு இன்னும் இத்தனை நாள் என்று அம்மன் எண்ணிக் காட்டுகிறாள் என்றார்; ஒரே நாளில் எண் ஏறி இறங்குவதைக் கேட்டதும், அம்மன் யோசிக்கிறாள் என்றார். டீக்கடையில் இரண்டு பேர் அதை வைத்து லாட்டரிச் சீட்டு வரவழைத்து ஏமாந்தார்கள். கடைசியில், துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் கமலம், கால் புண்ணுக்கு மருந்து போட அளத்துக்கு வந்தவள், பேச்சிக்கனியின் பிடரியையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது வெயிலோட எண். இதே எண்தான் போன்லயும் காட்டுது."

"டிகிரி கணக்கா நர்சம்மா?" என்றாள் பேச்சிக்கனி.

"டிகிரி வேற. சூடு உடம்புக்குத் தெரியும். இது தெரியாது. வெளிச்சத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இன்னொரு வெளிச்சம் வருது, புற ஊதாக் கதிர்னு பேரு. அது இன்னிக்கு எவ்வளவு அடிக்குதுன்னு இந்த எண் சொல்லுது. ரெண்டு வரைக்கும் பயமில்ல. மூணு வந்தா தலையையும் கையையும் மூடிக்கணும். எட்டு வந்தா நெழலுக்குப் போயிரணும். பதினொண்ணுக்கு மேல வெளியிலயே நிக்கக்கூடாது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சிக்கனியின் பிடரியில் அப்போது பதினொன்று இருந்தது.

"மேகமா இருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மேகத்துக்குள்ளயும் வரும். காத்து குளுகுளுன்னு அடிச்சாலும் வரும். ஒண்ணு செய்ங்க, உங்க நெழலைப் பாருங்க. அது உங்களவிடக் குட்டையா இருந்தா, அது வெளிய நிக்கிற நேரமில்ல."

"காலையில ஒம்பதரைக்குக் குட்டையாகுற நெழலு மூணு மணி வரைக்கும் குட்டைதான் நர்சம்மா," என்றாள் ஜெபராணி. "நாங்க எங்க போக?"

எஸ்தர் கமலம் சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி, பாத்திக்கப்பால் பாத்தி, அதற்கப்பால் வெள்ளைக் குவியல்கள், அதற்கப்பால் கடல். ஒரு மரம் இல்லை. எண்பது பெண்களும் அவர்கள் காலடியில் எண்பது குட்டை நிழல்களும் இருந்தன.

"இங்க கீழயிருந்தும் வருது," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "உப்பு வெள்ளை, தண்ணி கண்ணாடி. மேல விழுறதை மறுபடி முகத்துக்கே திருப்பி அடிக்கும். தலையில துணி போட்டாலும் கண்ணு தப்பாது." ஜெபராணியின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி வலது கண்ணைப் பார்த்தாள். "இந்தச் சவ்வு அதுனாலதான். விட்டா கருவிழியை மூடிரும்."

"க்ரீம் ஏதோ இருக்காமே?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பூசணும்."

ஜெபராணி சிரித்தாள். "எங்க வேர்வையில அது ரெண்டு நிமிஷம் நிக்குமா?"

அப்படித்தான் வெள்ளோடைக்கு வெயிலைப் படிக்கத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஊர் அதை விடவில்லை. எண் வரவேண்டுமானால் பேச்சிக்கனி பிடரியை மூடாமல் கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும், நிழலுக்குப் போனால் அழிந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார் தினமும் பைக்கில் வந்து, வரப்பில் நின்றபடியே படித்துவிட்டு, எட்டைத் தொட்டிருந்தால் பிள்ளைகளை மைதானத்திலிருந்து வகுப்புக்குள் கூப்பிட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அழைத்துப்போய் மண்டபத்து வாசலில் நிறுத்தினார்கள். எண் மூன்றுக்கு இறங்கியதும் உள்ளே சொல்லி அனுப்பினால், பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு வந்த முதலாளியின் மகள் காரை வரப்போரம் நிறுத்திக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, "எத்தனை?" என்று கேட்டு, சொன்னதும் ஏற்றிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து கைக்கும் கழுத்துக்கும் க்ரீம் பூசிக்கொண்டாள். பதினோரு மணிக்குக் கடைத்தெரு காலியானது. தொப்பியும் குடையும் ஊருக்குள் பெருகின. பேச்சிக்கனியால்தான் பிள்ளைகள் வாடாமல் இருக்கிறார்கள் என்று தாய்மார்கள் மனமாரச் சொன்னார்கள். உள்ளே வந்து உட்காரு என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. உட்கார்ந்தால் எண் போய்விடும்.

சித்திரை பிறந்து எண் பதின்மூன்றைத் தொட்ட அன்று, ஜெபராணி வாருபலகையை வரப்பில் போட்டுவிட்டு மேனேஜர் தவசிமுத்துவிடம் போனாள். பின்னால் எழுபது எண்பது பேர் போனார்கள். தவசிமுத்து கெட்ட மனுஷர் இல்லை. யாருக்காவது மயக்கம் வந்தால் தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்தான். அவர் தன் குடையின் கீழிருந்து பொறுமையாகக் கேட்டார்.

"எட்டு வந்தா வேலையை நிறுத்தணும் அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி. "விடிஞ்ச உடனே வந்து வேலை செய்யுதோம், பத்து மணிக்கு ஏறிக்கிடுதோம், மூணு மணிக்கு மறுபடி இறங்குதோம். நடுவுல இருக்க ஒரு கொட்டகை போட்டுக் குடுங்க. அவ்வளவுதான்."

"உப்பு வெயில்லதான் விளையும் ஜெபராணி, நெழல்ல விளையாது. அது என் தப்பா? இத்தனை வருஷம் இந்த எண்ணு இல்லாமத்தான வேலை செஞ்சீங்க? வெயிலு இப்பமா புதுசா வந்துச்சு? எண்ணுதான புதுசு?"

மறுநாள் காலை அவர் பேச்சிக்கனியைக் கூப்பிட்டு, இனிமேல் அவள் பாத்திக்குள் இறங்க வேண்டாம், பாக்கெட் போடும் கொட்டகையில் சாக்கு தைக்கட்டும் என்றார். "உனக்கு நல்லதுதான் சொல்லுதேன் பேச்சி. பிடரி பாழாப் போகுது. மத்த பொம்பளைங்க வரிசையில நின்னு கேட்டாலும் இந்த இடம் கெடைக்காது." அது உண்மைதான். ஆகவே அவள் போனாள்.

கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், ஒரு மின்விசிறியும், முதுகைச் சாய்க்கச் சுவரும் இருந்தன. முதல் நாள் மத்தியானம் எண் அழிந்துவிட்டது என்று உடன் தைத்தவர்கள் சொன்னார்கள். முதல் வாரத்தில் காலில் இருந்த உப்புப் புண் காய்ந்தது. இரண்டாம் வாரத்தில் கழுத்துத் தோல் உரிந்து அடியிலிருந்து வேறொரு தோல் வந்தது, அதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ராத்திரி கண் எரியாமல் தூங்கினாள். தனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்பது தெரிந்தபோது, தையல் ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துத் தைத்தாள்.

சாயங்கால லாரியில் ஜெபராணி கேட்டாள்: "நெழல் எப்படிட்டி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நல்லாருக்குட்டி," என்றாள்.

"இருக்கட்டும். ஒருத்திக்காவது கெடச்சுதே," என்றாள் ஜெபராணி. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து லாரியில் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஊருக்கும் கோபம் வந்தது. பி.டி. வாத்தியார் இரண்டு தடவை வந்து வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கல்யாண வீட்டுக்காரர்கள், வேலை உயர்ந்ததும் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். இதற்கிடையில் ஜெபராணி கோயில் கொடைக் கடையில் ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். எஸ்தர் கமலம் பார்த்துவிட்டு, இது வெறும் கருப்புப் பிளாஸ்டிக், கதிரைத் தடுக்காது, இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் அதிகமாகத்தான் உள்ளே போகும் என்றாள். தவசிமுத்து அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. கண்ணாடி போட்டால் உப்பில் மண் கலப்பது தெரியாது, கழற்று என்று மட்டும் சொன்னார். கழற்றினாள்.

வைகாசியில், வெயிலிலிருந்து தற்காத்துக்கொள்வது எப்படி என்று உப்பளப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு விழிப்புணர்வு முகாம் நடந்தது. நகரத்திலிருந்து தோல் டாக்டர் ஒரு அம்மா வந்தார். முதலாளி வந்தார். எண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு போட்டோகிராபர்கள் வந்தார்கள். விருந்தினருக்காக உப்புக் குவியல்களுக்கு முன்னால் சாமியானா போட்டு, முப்பது நாற்காலிகளும் இரண்டு பெரிய விசிறிகளும் வைத்திருந்தார்கள். எண்பது பெண்களும் எதிரில் வெயிலில் நின்றார்கள். எண் நன்றாகத் தெரிய வேண்டுமென்பதால், பேச்சிக்கனியைப் பத்தரை மணிக்கே கொண்டையை உயர்த்திக் கட்டச் சொல்லி, சாமியானாவுக்கு முதுகு காட்டி வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு மாசத்துக்கு மேல் நிழலில் கிடந்த தோலில் வெயில் அரிவாள் போல இறங்கியது. அவளுக்கு எதிரே பெண்கள் நின்றார்கள். முதல் வரிசையில் ஜெபராணி, இடது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா நல்ல தமிழில், அன்பாகவே பேசினார். காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெயிலில் வராதீர்கள் என்றார். முடிந்தவரை நிழலில் இருங்கள் என்றார். அகலமான தொப்பி, முழுக்கை, தரமான கண்ணாடி என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். பேச்சு நாற்பது நிமிஷம் நீண்டது. பேச்சிக்கனியின் பிடரியில் எண் ஏற ஏற, போட்டோகிராபர்களில் ஒருவர் சத்தமாக வாசித்தார்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்று வந்ததும் சாமியானாவுக்குள் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில்தான் பேச்சிக்கனி திரும்பினாள். நேராக நடந்து சாமியானாவுக்குள் போய், முன்வரிசையில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். விசிறிக் காற்று முகத்தில் பட்டது. யாரும் எதுவும் சொல்வதற்குள், "எண் போகுது, எண் போகுது," என்று போட்டோகிராபர் பதறினார்.

தவசிமுத்து குனிந்து அவள் காதோரம் சொன்னார்: "எந்திரி பேச்சி. வெயிலுக்குப் போ. நல்ல நேரத்துல கெடுத்திராத."

அவள் எழுந்திருக்கவில்லை. ஜெபராணியைத் தேடிக்கொண்டிருந்தாள். நிழலுக்குள்ளிருந்து பார்த்தபோது வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமே இல்லை. குவியலும் தரையும் வானமும் ஒரே வெளுப்பாக எரிந்தன. அதற்குள் எண்பது பேர் நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை, ஒரு முகம் இல்லை, ஒரு சேலை இல்லை. கண்ணைச் சுருக்கினாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நிழலில் இருப்பவர்கள் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்று இத்தனை வருஷம் கோபம் கோபமாக நினைத்துக்கொண்டிருந்தாள்; பார்க்காமலிருப்பது அவ்வளவு எளிதான காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இங்கயிருந்து பாத்தா வெளிய யாருமே தெரியலையே அண்ணாச்சி," என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது.

டாக்டரம்மா முதலாளியைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார், பிறகு கைப்பையிலிருந்து தன் கருப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இதைப் போட்டா தெரியுதும்மா," என்றார் ஆறுதலாக. "நல்லாவே தெரியுது."

வெளுப்புக்குள்ளிருந்து ஜெபராணியின் குரல் வந்தது: "ஏட்டி பேச்சி, வந்திருட்டி வெளிய. நாளைக்கு எங்களுக்கும் வேலை இல்லாம ஆக்கிராத."

அதற்குத்தான் அவள் எழுந்தாள். குரல் வந்த திசையில், கண் கூச, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு தோள் தட்டுப்பட்டது. யாருடையது என்று பார்க்காமலே பிடித்துக்கொண்டாள்.

முகாம் முடிந்ததும் தொப்பி கொடுத்தார்கள். முப்பதுதான் இருந்தது. மறுநாள் பேச்சிக்கனி கொட்டகைக்குப் போகவில்லை. பாத்திக்குள் இறங்கி, ஜெபராணிக்கு முன்னால் தன் பழைய இடத்தில் நின்றாள். தவசிமுத்து பார்த்துவிட்டுத் தன் குடையோடு நகர்ந்தார். கொட்டகைக்கு வேறொருத்தி மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

ஆனால் அன்றிலிருந்து எண் இறங்கவில்லை. சாயங்காலம் லாரியில் ஏறும்போதும் பதின்மூன்று, வீட்டுக்குள் உலை வைக்கும்போதும் பதின்மூன்று, மழை பெய்த ஐப்பசி நாளிலும் பதின்மூன்று. மூடினாலும் அழியவில்லை, கழுவினாலும் அழியவில்லை. பி.டி. வாத்தியார் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போச்சு என்றார். கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் குடை பிடிப்பது நின்றுவிட்டது, ஆனால் பதினோரு மணிக்கு வீட்டுக்குள் போகும் பழக்கம் போகவில்லை. அது நல்ல பழக்கம், யாரும் விடமாட்டார்கள். அளத்தில்கூட, மாறாத எண்ணைப் பெண்கள் கொஞ்ச நாளில் பார்க்காமலானார்கள். கொட்டகை கேட்ட பேச்சும் அதோடு நின்றது.

கார்த்திகையில் ஜெபராணியின் வலது கண் சவ்வைப் பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். மூன்று மாசம் வெயிலில் போகாதே என்றார்கள். ஒன்பதாம் நாள் பாத்தி சீர்படுத்தும் வேலைக்கு வந்தாள். தை முடிவதற்குள் அது முன்னைவிடத் தடிப்பாக வளர்ந்து கருவிழியை மூடியது. இடது கண்ணிலும் ஒன்று பாதி தூரம் வந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சிக்கனியின் காலடிச் சத்தத்தை வைத்து வரப்பில் நடந்தாள், வாருபலகை தரையில் உரசும் சத்தத்தை வைத்து உப்பையும் மண்ணையும் பிரித்தாள்.

அடுத்த பங்குனியில் ஒரு நாள், உச்சி நேரத்தில், தண்ணீர் குடிக்க இருவரும் வரப்பில் ஏறி நின்றார்கள். எஸ்தர் கமலம் சொல்லிச் சொல்லி, அளத்தில் இப்போது பலரும் செய்வதுபோல, பேச்சிக்கனியும் முந்தானையை இரண்டு மடிப்பாக்கித் தலையையும் பிடரியையும் சேர்த்து இறுகக் கட்டியிருந்தாள். மாசக்கணக்காக யாரும் கேட்காத கேள்வியை, பேச்சுக்காக, முன்னெல்லாம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனைட்டி?"

ஜெபராணி கிட்டே வந்தாள். அவள் தோளைப் பிடித்துக் குனிந்து, பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.

பேச்சிக்கனியின் கை தன்னால் பின்னால் போனது. துணி இருந்தது. இரண்டு மடிப்பும் இருந்தது, முடிச்சும் அவிழவில்லை.

"நல்லாப் பாத்தியாட்டி?"

"நல்லாத் தெரியுதே. பன்னெண்டு." ஜெபராணி நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணு கொறஞ்சிருக்கு பேச்சி."

பேச்சிக்கனி கையை எடுத்து, தண்ணீர்ப் பாட்டிலை அவள் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.

"ஆமாட்டி," என்றாள். "கொறஞ்சிருக்கு."